சாரல் காலத்து மூச்சு

ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையாளத்து மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புகுந்து, திரிகூட மலையின் சிகரங்களை மூடிக்கொண்டு, வெயிலும் தூறலும் மாறி மாறி விளையாடும்படி பொடிச் சாரலைத் தூவத் தொடங்கிவிட்டால், தென்காசிச் சீமைக்கே ஒரு புது ஜீவன் வந்துவிடும். குற்றாலத்துப் பேரருவியில் தண்ணீர் விழுகிறதென்ற செய்தி பத்திரிகையில் வந்த மறுநாளே மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் ஜனங்கள் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நிற்கிறவர்களுக்கு, இந்தக் காற்றும் இந்தத் தண்ணீரும் சகல வியாதிகளையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை இருப்பதில் ஆச்சரியமில்லை. மூலிகை வேர்களைத் தழுவி வரும் நீர் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்களும். ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போன பிறகும் இங்கேயே இருந்துகொண்டு, துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாமல், சுவர் வியர்த்து, அலமாரியில் மடித்து வைத்த வேட்டியில்கூடப் பூஞ்சாண வாடை ஏறிப்போகிற வீடுகளில் வாழ்கிறவர்களுக்கு, இதே சாரல் காலத்தில் வேறொரு சப்தமும் பழக்கம். நடுநிசியில், ஓட்டின்மேல் தூறல் விழும் ஓசைக்கு இடையே, ஒரு குழந்தையின் நெஞ்சிலிருந்து மெல்லிய விசில்போல எழுகின்ற சப்தம் அது.

மேலகரத்தில் எங்கள் தெருவில் அப்படியொரு வீடு உண்டு. அந்த வீட்டுத் தாய் பீடி சுற்றுகிறவள். திண்ணையில் கால் நீட்டி, மடியில் சுளகை வைத்து, ஈரத்துணியில் பொதிந்த இலையை எடுத்துக் கத்தரித்து, விரல் நுனியால் தூளைப் பரப்பி, ஒரே உருட்டில் சுருட்டி நூலைக் கட்டுவாள். பேசும்போதும் கை நிற்காது. பக்கத்தில் பத்து வயது மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். சுளகிலிருந்து எழும் மெல்லிய தூசி சாய்வெயிலில் பொன்னிறமாக மின்னி, அவன் முகத்துக்கு நேரே மிதந்து போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அவனுடைய இருமலைப் பற்றி விசாரித்தேன். "பகல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்குத்தான் இழுக்கும். எந்திரிச்சு சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிடுவான். விடிஞ்சா பையத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிருவான்" என்றாள். தென்காசி டாக்டர் தினமும் உறிஞ்சும்படி கொடுத்த மருந்து என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "அதான் விடிஞ்சாச் சரியாயிருதுல்லா, பெறகு எதுக்குத் தெனமும் மருந்து?" என்று திருப்பிக் கேட்டாள்.

நியாயமாகத் தோன்றுகின்ற கேள்வி. இந்த நோயைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு இழுப்பு என்றும் இளைப்பு என்றும் பெயர். சித்த வைத்தியர்கள் இரைப்பு நோய் என்பார்கள். பழைய வைத்தியப் பேச்சில் சுவாசகாசம். இப்போது தாய்மார்கள் வாயில் 'வீசிங்'. எந்தப் பெயரானாலும், அது நெஞ்சு இழுக்கின்ற அந்த நேரத்துக்கு மட்டும் வைத்த பெயராகவே இருக்கிறது. உண்மையில் வியாதி அந்த நேரத்தில் வந்து, விடிந்ததும் போய்விடுவதில்லை. நுரையீரலுக்குள் மரத்தின் கிளைகளைப்போலப் பிரிந்து பிரிந்து செல்லும் மூச்சுக்குழாய்களின் உட்சுவர், ஆஸ்துமா என்ற இந்நோய் உள்ளவர்களுக்கு, அவர்கள் சிரித்துப் பேசி விளையாடிக்கொண்டிருக்கும் நாட்களிலும் சற்றே வீங்கி, சிவந்து, புண்பட்ட தோலைப்போலத் தொட்டால் துடிக்கும் நிலையிலேயே இருக்கிறது. அந்நிலையில் தூசியோ, புகையோ, ஜலதோஷமோ, ஈரக்குளிரோ வந்து படும்போது, குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகிக்கொள்ள, உட்சுவர் மேலும் வீங்க, பசைபோன்ற சளி இடைவெளியை அடைத்துக்கொள்ள, காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதே பெரும்பாடாகிவிடுகிறது. அந்த ஒடுங்கிய வழியில் காற்று பிதுங்கி வரும் ஓசையே நாம் கேட்கும் விசில். உடம்பு இயல்பாகச் சுரந்து வீக்கத்தை அடக்கி வைக்கின்ற கார்ட்டிசால் என்ற ரசம் நள்ளிரவில் குறைந்து விடியலில் மீண்டும் ஏறுவதும், இழுப்பு பின்னிரவைத் தேடி வருவதற்கு ஒரு காரணம். விடிந்ததும் தணிவது இழுப்பு மட்டுமே. வீக்கம் பையனோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது.

அந்த வீக்கத்தைக் குழந்தைகளிடத்தில் பெரும்பாலும் மூட்டிவிடுவது ஒவ்வாமை. 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-இல் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினார். நமக்கு ஒரு தீங்கும் செய்யாத பொருளொன்றைச் சரீரம் சத்ருவென்று பிழையாக எண்ணிக்கொண்டு, அதை எதிர்ப்பதற்கென்றே ஒரு புரதத்தைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அப்பொருள் மூக்கின் வழியே நுழைந்த மாத்திரத்தில், காவல் அணுக்கள் வெடித்து ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களைக் கொட்டிவிடுகின்றன. அந்தப் புரதத்தை, 1960-களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியரும் சுவீடனில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர். கைக்குழந்தையாக இருக்கும்போது முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் கரப்பான், பள்ளிக்குப் போகும் வயதில் காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல், பிறகு நெஞ்சில் இழுப்பு என்று ஒரே பிள்ளையிடத்தில் மூன்றும் வரிசையாக வருவதைப் பல தாய்மார்கள் கண்டிருப்பார்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றே. மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். ஆகையால் மூக்கு ஒழுகுவதை அற்பமென்று விட்டுவிட்டு நெஞ்சை மட்டும் குணப்படுத்த முனைவது பிரயோஜனப்படுவதில்லை. கரப்பான் என்ற ஒரே பெயரை நம்மவர்கள் அந்தத் தோல் உபாதைக்கும் வீட்டுப் பூச்சிக்கும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சியின் எச்சமும் உதிர்ந்த ஓடும் இழுப்பைக் கிளப்புகின்ற முக்கிய ஒவ்வாப்பொருள்களில் ஒன்றாக இருப்பது விசேஷமான பொருத்தம்.

ஆனால் சாரல் பிரதேசத்து வீடுகளில் கரப்பான் பூச்சியைவிடப் பெரிய காரணம் கண்ணுக்கே தெரியாதது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்களைத் தின்று, தலையணையிலும் மெத்தையிலும் கம்பளியிலும் பெருகுகின்ற, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவேயுள்ள தூசிப் பூச்சி அது. வீட்டுத் தூசி ஏன் இழுப்பைத் தருகிறது என்ற நெடுநாளைய புதிருக்கு இந்தப் பூச்சியே விடை என்று 1964-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்து ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அதன் எச்சத்திலுள்ள புரதமே நம் மூச்சுக்குழாய்க்கு விஷம். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே உயிர் வாழ்கிறது. காற்று வறண்டால் மடிகிறது. சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் வறண்ட காற்றுள்ள ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் ஆஸ்துமா நோயாளிகள் தேறியதன் ரகசியம் இதுவே. குற்றாலமோ கடல் மட்டத்துக்குச் சுமார் 160 மீட்டர் மேலே, மலையின் காலடியில், ஆனி முதல் ஆவணி வரை ஈரத்தில் ஊறிக்கிடக்கும் ஊர். மலைக்காற்று என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பது நம் மனத்தின் மயக்கம். அந்தப் பூச்சிக்கு அப்படியொரு மயக்கமும் கிடையாது. பல ஆண்டுகள் தலைக்கு வைத்து அழுக்கேறி, சாரல் மாதங்களில் வெயிலே காணாமல் கிடக்கும் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று போதும்.

இதே காற்று, தென்காசியைத் தாண்டிக் கிழக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள், வேறு முகம் காட்டுகிறது. மழையையெல்லாம் மலையில் இறக்கிவிட்டு, ஆலங்குளம், சுரண்டைப் பொட்டல்களில் வறண்ட சூறையாக வீசி, செம்மண் புழுதியையும், சாலையோரப் பார்த்தீனியச் செடியின் தூளையும், புல்லின் மகரந்தத்தையும் வாரிக்கொண்டு போகும். குற்றாலத்துப் பிள்ளைக்கு ஈரத்தால் வருவது ஆலங்குளத்துப் பிள்ளைக்குப் புழுதியால் வருகிறது. ஆடி மாதத்தில் இருவரும் ஒரே மருத்துவமனை வாசலில் வந்து உட்காருகிறார்கள். இவற்றோடு, கடையநல்லூரிலிருந்து முக்கூடல் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுக்குள்ளேயே கையாளும் புகையிலைத் தூள், குளித்த குழந்தையின் தலைக்குக் காட்டும் சாம்பிராணிப் புகை, அடைத்த அறையில் இரவெல்லாம் எரியும் கொசுவர்த்தி, விறகடுப்பு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவை ஒவ்வாமையை உண்டாக்காவிட்டாலும், ஏற்கெனவே புண்பட்ட குழாயை உரசி எரியவைப்பவை.

அப்படியானால் அருவியில் குளிக்கலாமா என்று கேட்பவர்கள் பலர். நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் குளிப்பதற்குத் தடையில்லை என்பதே என் அபிப்பிராயம். வியர்த்து ஓடிவந்து, உடம்பு தணிவதற்குள் குளிர்ந்த நீரின் அடியில் போய் நிற்பதும், ஈரத்துணியோடு காற்றில் மணிக்கணக்காக அலைவதும், ஜலதோஷம் பிடித்த நேரத்தில் ஜனநெரிசலுக்குள் புகுவதுமே ஆபத்து. கூட்டத்தில் காற்றின் வழியே பரவும் சளிக்கிருமி, அருவித் தண்ணீரைவிட அதிகமான பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. தயிர், வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றைக் குளிர்ச்சி என்று வருஷக்கணக்காக விலக்கி வைத்து, வளரும் பிள்ளையை நோஞ்சானாக்குவதும் எனக்குச் சம்மதமில்லை. ஒரு பொருளை உண்டதும் தடிப்போ வாந்தியோ இழுப்போ உண்டாவதைக் கண்ணால் கண்டிருந்தாலொழிய, நீண்டதொரு ரத்தப் பரிசோதனைப் பட்டியலை மட்டும் நம்பிப் பாலையும் முட்டையையும் நிறுத்துவதும் அவ்விதமே தவறு.

நம் முன்னோர் இந்த நோய்க்குக் கைவைத்தியம் இல்லாமல் இருக்கவில்லை. ஊமத்தையை உலர்த்திப் புகைக்கும் நம் நாட்டு வழக்கத்தைச் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அறிந்து கையாண்டார். 1802-ஐ ஒட்டி அது ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி மூலம் இங்கிலாந்துக்குப் போய், பிற்பாடு ஐரோப்பிய மருந்துக் கடைகளில் ஆஸ்துமா சிகரெட்டாக விலைபோயிற்று. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வர்க்கத்துச் சத்தைத் திருத்தி அமைத்தே இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் என்ற இன்றைய உறிஞ்சு மருந்துகள் பிறந்தன. வேலியோரத்து ஆடாதொடையின் வாசிசின் என்ற சத்தைப் பின்பற்றியே சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸின் செய்யப்பட்டது. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. ஆயினும் ஊமத்தையின் ஒரு காயில் எவ்வளவு விஷம் என்பது செடிக்குச் செடி மாறுபடும். மயக்கமும் மரணமும் நேர்ந்திருக்கின்றன. வீட்டில் தொடவே கூடாது. தூதுவளை ரசமும் ஆடாதொடைக் கஷாயமும் தொண்டைக்கு இதமளிக்கலாம். குழாயின் உட்சுவர் வீக்கத்தை நாள்தோறும் அடக்கி வைக்கும் வேலையை அவற்றின் தலையில் சுமத்திவிட்டு, டாக்டர் கொடுத்ததை நிறுத்திவிடுவதையே நான் வேண்டாமென்கிறேன்.

அந்த வேலையைச் செய்வது இன்ஹேலர். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவரான ஜார்ஜ் மேய்சனிடம், ஆஸ்துமாவால் வருந்திய பதின்மூன்று வயது மகள், தலைமுடிக்கு ஸ்பிரே பீய்ச்சும் டப்பாவைப்போல என் மருந்தையும் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டாளாம். 1956-இல் முதல் அழுத்து இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. அதில் இன்று இருவகை மருந்து உண்டு. 1969-இல் வந்த சால்ப்யூட்டமால் இறுகிய தசையைச் சில நிமிஷங்களில் தளர்த்திவிடும். இழுக்கும்போது உயிர் காப்பது. 1972-இல் வந்த பெக்ளோமெத்தசோனும் அதன் பின்வந்த ஸ்டீராய்டு வகைகளும் உடனே ஒரு சுகமும் தராமல், தினந்தோறும் மௌனமாக வீக்கத்தை வற்றச் செய்பவை. மேலகரத்துத் தாய் வேண்டாமென்று வைத்தது இந்த இரண்டாவது. உடனே சுகம் தருவதை வைத்துக்கொண்டு, தராததை விட்டுவிடுவது மனித சுபாவந்தான். ஆனால் முதல் மருந்தை மட்டும் நம்பி வாழ்கிறவர்களின் குழாய்க்குள் வீக்கம் அடங்காமல் வளர்ந்துகொண்டே போய், ஒரு நாள் அந்த மருந்துக்கும் மசியாத இழுப்பாக வெடிக்கிறது. ஆகவேதான் ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டுக் குழுவான ஜீனா, தசை தளர்த்தும் மருந்தை மட்டும் தனியே கொடுத்துக் காலம் கடத்தலாகாது என்று 2019-இல் தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் உலகில் 26 கோடிப் பேருக்கு மேல் ஆஸ்துமா இருந்ததாகவும், 4,55,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் தடுப்பு மருந்து சரியாகக் கிட்டாத ஏழை, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதைப் படிக்கும்போது மனம் பதைக்கிறது. இந்தியாவில் மட்டும் மூன்று கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு அஞ்சுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. கடும் இழுப்பில் மாத்திரையாகக் கொடுக்கப்படுவது நாளொன்றுக்கு 30, 40 மில்லிகிராம். உறிஞ்சும் தடுப்பு மருந்தோ ஒரு குழந்தைக்கு 200 மைக்ரோகிராம் அளவில் அமையும். எடையை மட்டும் பார்த்தால் நூற்றைம்பதில் அல்லது இருநூற்றில் ஒரு பங்கு. அதுவும் இரத்தத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் நேரே குழாய்க்குப் போகிறது. பழகிவிடும், அடிமையாக்கிவிடும் என்ற பேச்சில் உண்மையில்லை. உண்மையான சிரமம் உறிஞ்சும் முறையில் இருக்கிறது. தூள் மருந்தின் கேப்ஸ்யூலைக் கருவியில் போடாமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தவர்களை நானே அறிவேன். தூள் கருவியானால் வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அழுத்து இன்ஹேலரானால் குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, அழுத்தியபடியே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்பேஸர் என்ற குடுவையை இடையில் பொருத்தினால் மருந்து தொண்டையில் படியாமல் நெஞ்சுக்குப் போகும். ஸ்டீராய்டு உறிஞ்சியபின் வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் குரல் கம்மும், நாக்கில் வெண்படலம் படியும். சாரல் ஈரத்தில் தூள் கட்டிபட்டுவிடுமாதலால், கேப்ஸ்யூலை உபயோகிக்கும் வரை அட்டையிலிருந்து பிரிக்கலாகாது.

அருவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே தேனருவிப் பக்கம் கொட்டிய மழை பேரருவிக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். அதற்கு முன்னே தண்ணீரின் நிறம் செம்மையாக மாறும், சருகும் சுள்ளியும் வரும். அதைப் பார்த்த மாத்திரத்தில் பெரியவர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக் கரையேறிவிடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளிச் சிறுவனைக் கொண்டு போனபோது, அந்த அவகாசம் எவ்வளவு சிறியது என்று நாங்கள் எல்லோரும் துக்கத்தோடு நினைத்துக்கொண்டோம். பெரும் இழுப்புக்கும் இத்தகைய முன்னடையாளங்கள் உண்டு: இரண்டு மூன்று இரவுகளாகத் தூக்கத்தைக் கெடுக்கும் இருமல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கி நின்றுவிடுவது, வழக்கமான நிவாரண மருந்தை மேலும் மேலும் தேடுவது. அப்போதே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் திணறினால், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், நிமிர்த்தி உட்கார வைத்து, ஸ்பேஸர் வழியே நிவாரண மருந்தை ஒவ்வொன்றாக நான்கு முறை கொடுத்தபடியே 108-ஐ அழைத்துவிட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. இழுத்துக்கொண்டிருந்த நெஞ்சில் திடீரென்று விசில் சப்தம் நின்று பிள்ளை சோர்ந்து போனால், அது குணமல்ல. காற்றே போகவில்லை என்று அர்த்தம்.

பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இன்ஹேலர் வைத்திருப்பது தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சி, கல்யாண வயதில் மருந்தை நிறுத்திவிடுகின்ற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. புகுந்த வீட்டில் குளியலறைக்குள் ஒளித்து வைத்து உறிஞ்சுகிற பெண்கள் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் மருந்தை விடுவதே தாய்க்கும் சிசுவுக்கும் கேடு; தொடர்வது அல்ல. கண்ணாடி போட்டுக்கொள்வதைப்போல் இதையும் வெளிப்படையாக வைத்துக்கொள்ளும் காலம் வர வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன்.

மேலகரத்துத் தாயிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. பல மாலைகளில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சிறிது சிறிதாகச் சொன்னேன். மிகுதியைத் தென்காசியில் டாக்டரே பொறுமையாக எடுத்துச் சொன்னார். சுளகு பின்கட்டுக்குப் போயிற்று. பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுவது தெருப்பக்கத் திண்ணையில். பழைய தலையணையை எறிந்துவிட்டு, புதியதற்கு நெருக்கமாக நெய்த உறை தைத்தாள். வாரத்துக்கு ஒரு முறை உறையையும் விரிப்பையும் கொதிக்கும் வெந்நீரில் ஊற வைக்கிறாள். சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கும் அரைமணி நேரத்தைக்கூட வீணாக்காமல் பாயைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் விரிக்கிறாள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஊதுமானியில் பையன் காலையில் ஊதி, மூச்சின் வேகத்தைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வருகிறான். போன ஐப்பசியில் தொடங்கிய பக்கத்தில் முதல் எண் 180.

இந்த ஆனியில் ஒரு காலை, பல் துலக்கி, மருந்தை உறிஞ்சி, முற்றத்துக் குழாயடியில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு அவன் நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தான். கடைசி வரியில் 260 என்றிருந்தது. "சிற்றருவியில குளிக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க தாத்தா. வெயில் இருக்கும்போது, கொஞ்ச நேரம்" என்றான். பின்னால் வந்த தாயின் கையில் துண்டும், மாற்றுச் சட்டையும், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் சுற்றிய நிவாரண இன்ஹேலரும் இருந்தன. "ராத்திரி நல்லா ஒறங்குதான் அண்ணாச்சி. நானுந்தான்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மகனை முன்னே விட்டு நடந்தாள்.